மூன்று குழந்தைக்கு ஒரு மடி: பராமரிப்பு மையங்களில் வயதுவாரிக் கற்றல்

பினாங்கில் குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணைதான். காலை 9 மணிக்குப் பாட்டு, 9.30க்கு எழுத்து, 10க்குச் சிற்றுண்டி, 10.30க்கு வண்ணம் தீட்டுதல் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு பூவின் பெயரையோ விலங்கின் பெயரையோ சூட்டியிருப்பார்கள். பெற்றோரும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிப்டில் நிற்கும் ஒரு தாய் காலை 6.30க்கு விட்ட பிள்ளையை மாலை 7 மணிக்கு மேல்தான் கூட்டிப் போக முடியும் என்ற நிலையில், அந்த அட்டவணை சொல்வது இரண்டு மணி நேரத்தின் கதையை மட்டுமே. மீதிப் பத்து மணி நேரத்தில் பிள்ளை சாப்பிடுகிறது, தூங்குகிறது, அழுகிறது, துடைத்துக் கழுவப்படுகிறது, யாரோ ஒருவரின் இடுப்பில் ஏறி உட்கார்கிறது. வயதுக்கேற்ற கற்றல் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு நடப்பது அந்தப் பத்து மணி நேரத்தில்தான். அது எப்படி நடக்கும் என்பதை முடிவு செய்வது அட்டவணை அன்று; ஒரு பராமரிப்பாளரின் கைக்கு எத்தனை குழந்தை என்ற கணக்கும், அவர் அந்தக் குழந்தைகளோடு என்ன மொழியில் எவ்வளவு பேசுகிறார் என்பதும்தான்.

மலேசியச் சட்டம் இந்த விஷயத்தில் 4 வயதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 4 வயது நிறையாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது 308ஆம் சட்டம், அதை ஆள்கிறது. பதிவு செய்வது சமூகநலத் துறை. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 4 பிள்ளைகளோ அதற்கு மேலோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளப்பட்டால் அந்த இடம் சட்டத்தின் கண்ணில் பராமரிப்பு மையமாகிவிடுகிறது. பத்துக்குக் குறைவாக இருந்தால் வீட்டு மையம், பத்தும் அதற்கு மேலும் என்றால் நிறுவன மையம். 4 வயதிலிருந்து 6 வயது வரை பாலர் பள்ளி, மலாய்ப் பெயர் தாடிகா. அது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சின் பொறுப்பில் வருகிறது. ஒரே மாடி வீட்டில் கீழே தாஸ்காவும் மேலே தாடிகாவும் நடப்பதும், வாசல் பலகையில் ஒரே பெயர் இருப்பதும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் சாதாரணக் காட்சி. ஆனால் அந்த ஒரு வாசலுக்குப் பின்னால் இரண்டு அமைச்சுகள், இரண்டு உரிமங்கள், இரண்டு பாடத்திட்டங்கள் இருக்கின்றன. வருமான வரியில் 6 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைக்காகக் கட்டும் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை கிடைக்கும் விலக்குகூடப் பதிவு பெற்ற மையத்துக்குத்தான். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கப் பெற்றோர் கூச்சப்படத் தேவையில்லை.

4 வயதுக்குக் கீழே சட்டம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. 2012ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஒரு வயது நிறையாத 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர். 3 முதல் 4 வயது வரை 10 பேருக்கு ஒருவர். இந்த மூன்று எண்கள் வெறும் பாதுகாப்பு விதி போலத் தோன்றும். என் பார்வையில் நாட்டின் மிக முக்கியமான மழலைப் பாடத்திட்டம் இந்த மூன்று எண்கள்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு பராமரிப்பாளரிடம் 6 மாதம் முதல் 10 மாதம் வரையுள்ள 3 குழந்தைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் 4 முறை பாலோ கஞ்சியோ, 6 முறை பேம்பர்ஸ் மாற்றுதல் என்றால் மொத்தம் 30 வேலைகள் ஆகின்றன. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் 5 மணி நேரம் அதிலேயே போய்விடும். அந்த 5 மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு முகத்துக்கு எதிரே இன்னொரு முகம் இருக்கிறது. "காலைத் தூக்குடா செல்லம், இந்தா, இன்னொரு காலு எங்க? எங்க போச்சு காலு?" என்று பேசிக்கொண்டே துடைக்கிறவரிடம் பிள்ளை உடலுறுப்புகளின் பெயர்களையும், கேள்விக்குக் குரல் ஏறி இறங்கும் விதத்தையும், ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசும் முறையையும் ஒருங்கே கற்றுக்கொள்கிறது. அதே வேலையை ஒருவர் 6 குழந்தைகளுக்குச் செய்ய நேர்ந்தால் அவருக்கு நேரம் போதாது. வாய் மூடிக்கொள்ளும், கை மட்டும் ஓடும். குழந்தை சுத்தமாகத்தான் இருக்கும். பாடம் நடந்திருக்காது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். செபராங் பிறைத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. விடிவதற்கு முன் பால்மரம் வெட்டப் போகும் தாய், சேலையில் சுற்றிய பிள்ளையைக் கொட்டகையில் விட்டுப் போவாள். வரிசையாகத் தொங்கும் தூளிகளை ஆட்டிவிட்டு, நடக்கிற பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்து, லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு ஆயா பார்த்துக்கொள்வார். வயதுப் பிரிவு என்பது அங்கே கிடையாது. 4 வயது அக்காள்தான் ஒரு வயதுத் தம்பிக்குப் பராமரிப்பாளர். அந்தக் கொட்டகையைப் புகழ்ந்து பாடவும் வேண்டாம், இகழ்ந்து தள்ளவும் வேண்டாம். அங்கே காய்ச்சல் பரவியது. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். ஆனால் அங்கே தமிழ் இருந்தது. தாலாட்டும் அதட்டலும் கதையும் தமிழில் இருந்ததால், பேச்சு எங்கிருந்து வரும் என்று எவரும் கவலைப்படவில்லை. இன்றைய மையத்தில் எண்ணிக்கை விதி இருக்கிறது, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் இருக்கிறது, அடிப்படைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் இருக்கிறார். மொழியை மட்டும் எந்த விதியும் உறுதி செய்வதில்லை. அதைப் பெற்றோர்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மொழிப் பாடம் எதற்கு என்று நினைப்பவர்களே அதிகம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வு, தமிழர்களுக்கென்றே செய்யப்பட்டது போன்றது. இந்தி மொழியில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலிக்கும், நாக்கை மடித்து அண்ணத்தைத் தொட்டு எழுப்பும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் கேட்டறிகின்றனவா என்று அவர்கள் சோதித்தார்கள். நம் மொழியில் சொன்னால் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. காதில் விழாத ஒலி வேறுபாட்டை மூளை தேவையற்றது என்று ஒதுக்கிவிடுகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்காகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் படும் பாட்டுக்கு ஒரு வேர் இங்கே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் கற்கவே முடியாது என்பதில்லை. கற்கலாம், ஆனால் அது உழைப்பாகிவிடும்.

அப்படியென்றால் தொலைக்காட்சியில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிட்டால் போதுமே என்று கேட்கலாம். பல மையங்களில் மதியம் 3 மணிக்கு மேல் நடப்பதும் அதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. பட்ரீஷியா கூலும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9, 10 மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து விளையாடியும் வாசித்தும் காட்டினார்; சிலருக்கு அதே ஆள் அதே பேச்சைத் திரையில் பேசினார். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் கேட்டவை கற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி 2 வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது; 2 வயதிலிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. மையத்தில் ஒரு மணி நேரம், வீட்டுக்குப் போகும் காரில் அரை மணி நேரம், வீட்டில் அம்மா சமைக்கும்போது ஒரு மணி நேரம் என்று சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தனியார் துறைத் தாய்மாருக்கான பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஆகவே இன்று மையத்துக்கு வரும் மிக இளைய குழந்தைக்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகியிருக்கும். கழுத்து நிற்கத் தொடங்கும் பருவம் அது. இந்த வயதுக்கான கற்றல் திட்டம் மிக எளிது: விழித்திருக்கும்போது ஒரு நாளில் சிறுகச் சிறுக மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்க வைப்பது, தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைப்பது, தட்டையான கெட்டி மெத்தையில் தலையணையோ பொம்மையோ இல்லாமல் கிடத்துவது, முகம் பார்த்துப் பேசுவது. தூளிதான் இதில் இடையூறு. வீட்டில் 3 மாதம் சேலைத் தூளியில் அல்லது ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலில் ஆடி ஆடித் தூங்கிய பிள்ளை, மையத்தின் ஆடாத மெத்தையில் முதல் வாரம் தூங்கவே மறுக்கும். விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே பகல் தூக்கத்தை மட்டுமாவது பாயில் பழக்கிவிடும் தாய்மாரின் பிள்ளைகள் அந்த முதல் வாரத்தை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். பாட்டிமார் நாக்கில் தடவும் தேனுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை: ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டவே வேண்டாம்; அதிலிருந்து வரக்கூடிய நச்சு நோய் அரிதானது, ஆனால் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடக்கூடியது.

வயதுவாரிப் பருவம் என்ற எண்ணம் ஏதோ வெளியிலிருந்து வந்தது போல நம்மில் சிலர் பேசுவதுண்டு. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையை நினைத்துப் பார்க்கலாம். 3ஆம் மாதத்தில் காப்பு, 5ஆம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, 7ஆம் மாதத்தில் நாவசைக்கும் தால், 9ஆம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, 11ஆம் மாதத்தில் முத்தம், 13ஆம் மாதத்தில் தளர்நடை போட்டு வரச் சொல்லும் வாரானை, பிறகு நிலவைக் காட்டும் அம்புலி என்று அது போகும். கடைசி மூன்று பருவங்கள் ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை என்றும் பிரியும். மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறும். ஆனாலும் இன்றைய குழந்தை மருத்துவர் கையில் இருக்கும் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலோடு ஒப்பிட்டால், கை கொட்டுவதும் நடப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் விழுகின்றன. முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பருவத்தில் ஒன்றுகூட எழுத்துப் பருவம் அன்று என்பதுதான் என் கண்ணில் படுவது. மணலில் வீடு கட்டுவதும் பறை கொட்டுவதும் தேர் உருட்டுவதும் இருக்கின்றன. ஏடும் எழுத்தாணியும் வரவில்லை.

ஒன்றிலிருந்து 3 வயது வரை 5 பிள்ளைக்கு ஒருவர் என்ற இடத்துக்கு வந்தால் அழுகைதான் முதல் பாடம். ஏறக்குறைய 8 மாதத்துக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் போன பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்கு வருகிறது. அம்மா வாசலுக்கு அப்பால் மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டதால்தான் அது அழுகிறது. ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் இந்தப் பிரிவழுகை உச்சத்தில் இருக்கும். எனவே அது வளர்ச்சியின் அடையாளமே தவிர மையத்தின் மீதான புகார் அன்று. பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போய்விடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது; அந்த நொடிக்கு அழுகை இல்லாமல் இருக்கலாம், ஆனால் மறுநாள் காலையிலிருந்து பிள்ளை வாசலைவிட்டுக் கண்ணை எடுக்காது. "அம்மா வேலைக்குப் போயிட்டு, நீ பால் குடிச்சுத் தூங்கி எழுந்த பிறகு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவதே நல்லது. மணி சொல்லிப் பயனில்லை. தூங்கி எழுவதுதான் அந்த வயதுக்குக் கடிகாரம்.

இந்த வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதில்லை என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. இரண்டு வயதில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தனித்தனியாகவே மணல் அள்ளுவார்கள். பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932லேயே இதை ஒரு படிநிலையாகக் குறித்து வைத்தார். பகிர்ந்து விளையாடு என்று 2 வயதுப் பிள்ளையை அதட்டுவது, வராத பல்லைக் கொண்டு முறுக்கு கடிக்கச் சொல்வது போன்றதுதான். ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு வாங்கிப் போடும் மையம், இந்த வயதைப் புரிந்துகொண்ட மையம். கழிப்பறைப் பழக்கம், கரண்டி பிடித்தல், செருப்பை வரிசையில் வைத்தல் ஆகியவையும் இங்கே வருகின்றன. மூச்சுக்குழாயில் சிக்கக்கூடிய முழுக் கடலையையும் முழுத் திராட்சையையும் 4 வயது வரை தவிர்க்க வேண்டும் என்பதைத் தீபாவளிப் பலகாரம் அனுப்பும் பெற்றோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி, சண்டைகள் அதிகம் நடக்கும் இடத்துக்கு வருவோம்: 3 வயதும் எழுத்தும்.

பெர்மாத்தா என்ற பெயரில் உருவாகிப் பின்னர் ஜீனியஸ் என்று பெயர் மாறிய தேசிய மழலைப் பாடத்திட்டம், பிறப்பிலிருந்து 4 வயது வரை விளையாட்டின் வழியாகக் கற்றலை முன்வைக்கிறது. ஆனால் மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோரின் கேள்வி வேறு. பிறையில் ஒரு மையத்தின் வாசலில் நான் கேட்ட உரையாடலை அப்படியே தருகிறேன். "இன்னைக்கு என்ன படிச்சான், டீச்சர்?" என்று கேட்டார் ஒரு தந்தை. "தம்பி இன்னைக்குத் தானா சட்டைப் பட்டன் மூணு போட்டான், அண்ணே," என்றார் பராமரிப்பாளர், பெருமையாக. தந்தை ஒரு கணம் நின்று, "அது சரி, எழுத்து ஏதும் எழுதலையா?" என்றார்.

அந்தப் பட்டனும் எழுத்தும் வேறு வேறு அல்ல. பென்சிலைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து விரல் அசைவால் எழுதும் பிடி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில்தான் கூடி வருகிறது. அதற்கு முன்னால் முழுக் கையால் பிடித்துத் தோளிலிருந்து இழுப்பார்கள். 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரைய முடியும். 4 வயதில் கூட்டல் குறி. சதுரம் அதற்குப் பிறகு. முக்கோணத்தின் சாய்கோட்டுக்கு 5 வயதை ஒட்டித்தான் கை வரும். இந்த வரிசையை வைத்துக்கொண்டு நம் 'அ'வைப் பாருங்கள். ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து கீழே இறங்கித் திரும்பி, கோட்டைக் கடந்து, கடைசியில் செங்குத்தாக ஒரு கால் இறங்குகிறது. மூன்று வயதுக் கை செய்யக்கூடியவற்றில் மிகக் கடினமான ஒன்றை முதல் எழுத்தாக வைத்திருக்கிறோம். மொழியின் வரிசைக்கு அது முதல்; கையின் வரிசைக்கு அன்று. ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து எழுதத் தொடங்கும் ஆசிரியர்கள் இதை அறிந்தவர்கள். 'ட'வுக்கு ஒரு கோடு கீழே, ஒரு கோடு குறுக்கே, அவ்வளவுதான்.

3 வயதில் எழுத்தே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் வழக்கம் இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. விரல்தான் எழுதுகோல், அரிசி உராயும் உணர்வு கைக்குத் தெரிகிறது, பிழை விழுந்தால் தாம்பாளத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத்தின் ஒலியைச் சொல்கிறார். ஆண்டுக்கு ஒரு நாள் செய்வதை வாரத்துக்கு இரண்டு நாள் மணல் தட்டில் செய்யும் மையங்கள் இருக்கின்றன. இன்னொரு வகை மையங்களும் இருக்கின்றன: புள்ளிகளை இணைத்து 'அ' எழுதும் நகல் தாள்களைக் கட்டாகக் கட்டி மாதக் கடைசியில் பெற்றோர் கையில் கொடுப்பவை. அந்தக் கட்டில் பல தாள்களில் பிள்ளையின் கைக்கு மேல் பெரியவர் கை இருந்திருக்கிறது என்பதைக் கோடுகளின் அழுத்தமே காட்டிக்கொடுக்கும். குற்றத்தைப் பராமரிப்பாளர் மேல் மட்டும் சுமத்த முடியாது. தாள் கேட்டவர்கள் நாம்தான்.

வயது என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சட்டம் பிறந்த நாளிலிருந்து வயதை எண்ணுகிறது. மையங்களோ பள்ளிச் சேர்க்கைப் பழக்கத்தை ஒட்டி, அந்த ஆண்டில் 3 வயதைத் தொடும் பிள்ளைகள் எல்லாரையும் "மூணு வயசு கிளாஸ்" என்று ஒன்றாக உட்கார வைக்கின்றன. 2022 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் 2022 டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் 2025 ஜனவரியில் ஒரே வகுப்பு. முதல் பிள்ளைக்கு 3 வயது நிறைந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு 2 வயதும் ஒரு மாதமும்தான். 11 மாத இடைவெளி என்பது அந்தச் சின்னவனின் வாழ்நாளில் ஏறக்குறைய பாதி. ஒருவன் கதை சொல்வான், இன்னொருவன் இரண்டு சொல்லைச் சேர்ப்பான். ஒருவன் கழிப்பறைக்குத் தானே போவான், இன்னொருவன் பேம்பர்ஸில் இருப்பான். டிசம்பர்ப் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்தும் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. விதிப்படி 3 வயது நிறையாத பிள்ளைக்கு 5 பேருக்கு ஒருவர், நிறைந்த பிள்ளைக்கு 10 பேருக்கு ஒருவர் அல்லவா? ஜனவரியில் 10 பேர் கொண்ட "மூணு வயசு" வகுப்பில் பெரும்பாலானோருக்கு உண்மையில் 2 வயதுதான் என்றால், சட்டம் இரண்டு பராமரிப்பாளர்களைக் கேட்கிறது. வகுப்பின் பெயரோ ஒருவர் போதும் என்று சொல்லத் தூண்டுகிறது. ஒரு பராமரிப்பாளரின் மாதச் சம்பளம் அந்த வேறுபாட்டில் மிச்சமாகிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது "எந்த வகுப்பு" என்று கேட்பதைவிட "இந்த அறையில் இப்போது 3 வயது நிறையாதவர்கள் எத்தனை பேர், பெரியவர்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் விளக்கம் தானாக வந்துவிடும்.

4 வயதுக்குப் பிறகு கதை மாறுகிறது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் வருகிறது. அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன. மூன்று பேருக்கு ஒரு மடி என்ற நிலையிலிருந்து மூன்றே ஆண்டுகளில் 25 பேருக்கு இருவர் என்ற நிலைக்குப் பிள்ளை போய்ச் சேர்கிறது. அதற்குத் தேவையான திறன் அரிச்சுவடி அன்று: சிறுநீர் வந்தால் சொல்லத் தெரிதல், உணவு டப்பாவைத் திறக்கத் தெரிதல், தன் முறை வரும் வரை காத்திருத்தல், எதுவும் வேண்டுமென்றால் வாயால் கேட்டல். இந்தக் கடைசித் திறனுக்கு மொழி வேண்டும். 3 ஆண்டுகள் தன்னிடம் யாரும் அதிகம் பேசாத மையத்தில் இருந்த பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும், மலாயோ ஆங்கிலமோ தமிழோ, முதல் மாதம் வாய் திறக்காது.

பல மையங்களில் பராமரிப்பாளர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார்; அதனால் பிள்ளைக்குக் கெடுதி ஒன்றும் இல்லை. அன்பாக, ஓயாமல், தன் சொந்த மொழியில் பேசும் மலாய் அக்காள், பாதி தெரிந்த ஆங்கிலத்தில் கட்டளைகள் மட்டும் இடும் தமிழ் டீச்சரைவிட எத்தனையோ மடங்கு மேல். மையத்தில் மலாய் வளமாகக் கிடைத்தால் வீட்டில் தமிழை வளமாக்கிக்கொள்ளலாம். இரண்டு மொழியையும் குழந்தை தாங்கும். மையத்திலும் வீட்டிலும் இரண்டு இடத்திலும் வறட்சி என்றால்தான் தொல்லை. பராமரிப்பாளருக்கு நன்றாகத் தமிழ் வந்தும், பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்கள் என்பதற்காக "சிட்", "ஈட்", "நோ" என்ற மூன்று சொல்லோடு நாளை ஓட்டும் மையங்களைக் காணும்போது எரிச்சல்தான் வருகிறது.

ஒரு மையத்தைப் பார்வையிட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் காலை 10 மணிக்குப் போகிறார்கள். எல்லா மையமும் அப்போது அழகாகத்தான் இருக்கும். மாலை 5.30க்குப் போய்ப் பார்க்கலாம். பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சில பராமரிப்பாளர்களின் வேலை நேரம் முடிந்திருக்கும். மீதமிருக்கும் எல்லா வயதுப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் சேர்த்து வைத்திருப்பார்கள். பூப்பெயரும் விலங்குப் பெயரும் அந்த நேரத்தில் கலைந்துவிடும். பழைய ஆயாக் கொட்டகை ஒரு மணி நேரத்துக்குத் திரும்பி வந்தாற்போல இருக்கும். அங்கே தொலைக்காட்சி ஓடுகிறதா, அல்லது ஓர் அக்காள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு வயதுப் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, பெரிய பிள்ளைகளிடம் "பாலத்துல இப்ப அம்மா கார் எங்க வந்துக்கிட்டு இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.